46,500 ரூபாய்க்கு ஒரு ஸ்டிக்கர்: வெளிநாட்டு வேலைக்குச் சான்றிதழ் தயார்செய்கிறவர்கள் கவனிக்கவும்

வியாழக்கிழமை மாலை ஐந்தே காலுக்கு அந்த மின்னஞ்சல் வந்தது. இன்று ஞாயிறு. இடையில் ஒழுங்காகத் தூங்கவில்லை. அதனால் கோர்வையாக எழுதுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். வெளிநாட்டு வேலைக்குச் சான்றிதழ்களை எப்படித் தயார்செய்வது, எங்கே போவது, எவ்வளவு ஆகும் என்பதைக் கடைசியில் படிப்படியாகச் சொல்கிறேன். முதலில் நான் 46,500 ரூபாயைத் தொலைத்ததைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், இப்போது பெயரைப் போட்டால் வம்பு என் பக்கமே திரும்பும் என்று வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் சித்தப்பா சொல்கிறார். மதுரையில் பேருந்து நிற்கிற இடங்களைச் சுற்றி இப்படி எத்தனையோ மாடிகள் இருக்கின்றன. கீழே புரோட்டாக் கடையோ செல்போன் கடையோ இருக்கும். பக்கவாட்டில் ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய படிக்கட்டு. மேலே கண்ணாடிக் கதவு, ஏ.சி., சுவரில் துபாய் கோபுரத்தின் படம். ‘அட்டெஸ்டேஷன், அப்போஸ்டில், பி.சி.சி., ஸ்டாம்பிங், அனைத்தும் ஒரே இடத்தில்’ என்று பலகை. அப்படி ஒரு மாடிதான்.

எனக்குத் திருமங்கலம். மெக்கானிக்கல் படித்தவன். கப்பலூர் தொழிற்பேட்டையில் ஆறு வருடமாகத் தரக்கட்டுப்பாட்டு வேலை. பிப்ரவரி கடைசியில் ஓமானில் சோஹார் பக்கம் ஒரு தொழிற்சாலையிலிருந்து வேலைக் கடிதம் வந்தது. அந்த வேலைக்காக நான் யாருக்கும் ஒரு பைசா கொடுக்கவில்லை. கல்லூரியில் எனக்கு மூன்று வருடம் மூத்த அண்ணன் ஒருவர் அங்கே இருக்கிறார். அவர் சொல்லித்தான் நேர்காணலுக்கு அழைத்தார்கள். பட்டச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் (வெளிநாட்டில் ஏற்பதற்காக நம் வெளியுறவு அமைச்சகம் ஒட்டித் தரும் ஸ்டிக்கர்), அதோடு போலீஸ் சான்று (பி.சி.சி. என்பது இதுதான்), இரண்டையும் தொண்ணூறு நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்று கடிதத்தில் போட்டிருந்தது. வேலையை ஏமாறாமல் வாங்கியவன், இந்த இரண்டு காகிதத்தில் ஏமாந்தேன்.

இதற்கு முன் இரண்டு கடைகளில் விசாரித்தேன். ஒரு இடத்தில் சான்றிதழை வாங்கிப் பார்த்துவிட்டு மேசைமேல் விட்டெறிந்தார்கள். இன்னொரு இடத்தில் டீக் கோப்பை வைத்த ஈரத்தின் மேலேயே வைத்தார்கள். மூன்றாவதாகத்தான் இந்த மாடிக்கு ஏறினேன். முதலாளிக்கு ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் திருநீறு, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. நான் சான்றிதழை எடுத்ததும், “இருங்கள் தம்பி” என்று சொல்லிவிட்டு, இழுப்பறையிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்து மேசையை நன்றாகத் துடைத்தார். பிறகு இரண்டு கையாலும் சான்றிதழை வாங்கி வைத்தார். “படிக்கவைத்தது அப்பாவா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராக இருந்தவர், மூன்று வருடம் முன்பு காலமாகிவிட்டார் என்றேன். “அப்பா லேமினேட் செய்து வைத்திருக்கிறார் பாருங்கள், பிள்ளைமேல் எவ்வளவு ஆசை” என்றார்.

அந்தத் துணிதான் என்னைக் கவிழ்த்தது. இப்போது யோசித்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. மேசையைத் துடைத்தவன் நல்லவன் என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது?

அவர் தலைக்கு மேல் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு காகிதம் மாட்டியிருந்தது. அரசு முத்திரை, பதிவு எண், பச்சை மையில் கையெழுத்து. “அரசு அங்கீகாரம் பெற்ற நிறுவனம் தம்பி” என்று கையைக் காட்டினார். நானும் தலையாட்டினேன். வெள்ளிக்கிழமை மறுபடி போனபோதுதான் பக்கத்தில் நின்று படித்தேன். அது மாநகராட்சி கொடுத்த தொழில் உரிமம். புரோட்டாக் கடைக்காரரிடமும் அதே காகிதம் இருக்கிறது.

அன்றைக்கு 15,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீது கேட்டேன். “வேலை முடிந்ததும் மொத்தமாக ஒரே பில்லாகத் தருகிறேன், ஜி.எஸ்.டி. பிரச்சினை” என்றார். ஒரிஜினல் சான்றிதழை வாங்கிக்கொண்டதற்கும் எழுத்தில் எதுவும் தரவில்லை. அவருடைய அட்டையின் பின்னால் என் பெயரையும் தேதியையும் எழுதிக் கொடுத்தார். ஆறு வருடமாகத் தொழிற்சாலையில் ஒரு போல்ட் உள்ளே வந்தால்கூடக் கையெழுத்து இல்லாமல் வாங்காத நான், பட்டத்தைக் கொடுத்துவிட்டு ஒரு விசிட்டிங் கார்டை வாங்கிக்கொண்டு படியிறங்கினேன்.

இல்லை, உடனே இறங்கவில்லை. அதற்கு முன் லேமினேஷனை எடுத்தார்கள். பிளாஸ்டிக் உறை இருந்தால் முத்திரையும் ஸ்டிக்கரும் பதியாது, எடுத்துத்தான் ஆக வேண்டும். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் எடுத்த விதம்! உள்ளே இருந்து ஒரு பையன் வந்தான். இருபது வயதுகூட இருக்காது. தரையில் ஒரு துண்டை விரித்து, அதன்மேல் சான்றிதழை வைத்து, மேலே இன்னொரு துண்டைப் போட்டு, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தான். சூடு ஏறியதும் மூலையில் பிளேடு வைத்துக் கிளப்பி, பிளாஸ்டிக்கைப் பிடித்து இழுத்தான். முக்கால்வாசி சுத்தமாக வந்தது. கீழ் மூலைக்கு வந்தபோது ஒரு சத்தம் கேட்டது, வாழைப்பட்டை கிழிகிற மாதிரி. தேதியில் கடைசி இரண்டு எண்கள் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு போய்விட்டன. எனக்கு வயிறு கலங்கியது. முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, “ஒன்றும் ஆகாது தம்பி, நமக்குப் பின்பக்கம்தான் முக்கியம்” என்றார்.

அது மட்டும் உண்மை. அப்போஸ்டில் ஸ்டிக்கரைப் பின்பக்கம்தான் ஒட்டுவார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், எனக்கும் இந்த மூன்று நாளில்தான் தெரிந்தது. ஒரு நாட்டின் ஆவணத்தை இன்னொரு நாடு நம்புவதற்கு 1961ஆம் ஆண்டு ஹேக் நகரில் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். அதில் சேர்ந்த நாடுகளுக்குள் அப்போஸ்டில் ஒன்று போதும், தூதரக முத்திரை வேண்டாம். இந்தியா 2005இல் சேர்ந்தது. ஓமான் 2012இல் சேர்ந்தது. சவூதிகூட 2022 டிசம்பரில் சேர்ந்துவிட்டது. அமீரகம், கத்தார், குவைத் போகிறவர்களுக்குத்தான் தூதரக முத்திரை தேவைப்படுகிறது. நம் சான்றிதழை முதலில் மாநில அரசின் உயர்கல்வித் துறை சரிபார்க்க வேண்டும், பிறகு வெளியுறவு அமைச்சகம் ஸ்டிக்கர் ஒட்டும். அந்த ஸ்டிக்கருக்கு அமைச்சகம் வாங்குகிற கட்டணம் எவ்வளவு தெரியுமா? ஐம்பது ரூபாய். இடையில் இருக்கும் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்துக்குச் சிறு சேவைக் கட்டணம் தனி. அவ்வளவுதான். நான் கொடுத்தது 46,500.

எப்படி அவ்வளவு ஏறியது? ஒரே நாளில் கேட்டிருந்தால் ஓடியிருப்பேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கறந்தார். முதலில் 15,000. ஒரு வாரம் கழித்து, போலீஸ் சான்றுக்கு 4,500. அதற்கு அவர் செய்த வேலை, பாஸ்போர்ட் சேவை இணையதளத்தில் என் பெயரில் விண்ணப்பத்தை நிரப்பி, எனக்கு ஒரு நேரம் பதிவுசெய்தது. மதுரை பாஸ்போர்ட் சேவை மையத்துக்கு நானேதான் போனேன். டோக்கன் எண் திரையில் வந்தது, போனேன், கைரேகை வைத்தேன், வந்தேன். கட்டணம் 500 ரூபாய் என்று என் கையில் இருந்த தாளிலேயே அச்சாகியிருந்தது. மீதி 4,000 எதற்கு என்று தொலைபேசியில் கேட்டேன். “உள்ளே கொடுக்க வேண்டியது தம்பி, வெளியே பேசக் கூடாது” என்று குரலைத் தாழ்த்தினார். உள்ளே யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. இப்படி எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாரோ, அந்த அலுவலகத்தில் நேர்மையாக வேலை செய்கிறவர்களுக்குத்தான் கெட்ட பெயர்.

பிறகு டெல்லியில் ஓமான் தூதரகத்துக்கு என்று 12,000. தேவையே இல்லாத வேலை, மேலே சொன்னேனே. அப்போது எனக்குத் தெரியாது. அடுத்து அரபி மொழிபெயர்ப்புக்கு 6,000. நிறுவனம் மொழிபெயர்ப்பைக் கேட்கவே இல்லை. “இப்போது கேட்க மாட்டார்கள், விமான நிலையத்தில் கேட்பார்கள்” என்றார். விமான நிலையத்தில் பட்டச் சான்றிதழின் மொழிபெயர்ப்பை யார் கேட்கப் போகிறார்கள் என்று யோசிக்கிற மூளை எனக்கு அன்று இல்லை. அம்மாவின் ஒன்றரைப் பவுன் சங்கிலியை அடகு வைத்த பணம் கையில் இருந்தது. எப்படியாவது முடிந்தால் போதும் என்ற அவசரம்தான் இருந்தது. கடைசியாக ‘அவசரக் கட்டணம்’ 9,000. கூட்டிப் பாருங்கள், 46,500 வரும். நான் இந்த மூன்று நாளில் நாற்பது தடவை கூட்டிவிட்டேன்.

அந்த மொழிபெயர்ப்பைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நேற்று என் பள்ளித் தோழனின் அப்பாவிடம் காட்டினேன். மதரஸாவில் ஓதிக்கொடுக்கிற ஹஜ்ரத் அவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு வரி படித்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, “தம்பி, இது யாரோ ஒருவருடைய பிறப்புச் சான்றிதழ்” என்றார். ஆறாயிரம் ரூபாய்க்கு யாரோ பிறந்திருக்கிறார்.

மார்ச் முழுவதும் “டெல்லிக்கு ஆள் போயிருக்கிறான்” என்பதே பதில். சென்னையிலும் அப்போஸ்டில் கிடைக்கிறது என்பது, 2019 ஜனவரியிலிருந்தே கிடைக்கிறது என்பது, அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அடுத்து ரம்ஜான், தூதரகம் மூடியிருக்கிறது என்றார். பிறகு சர்வர் வேலை செய்யவில்லை. பிறகு கூரியர் நாக்பூரில் நிற்கிறது. சித்திரை பிறந்தது, “திருவிழா முடியட்டும் தம்பி, ஊரே தல்லாகுளத்தில் இருக்கிறது, யார் வேலை பார்ப்பார்கள்” என்றார். டெல்லியில் இருக்கிற தூதரகத்துக்கும் தல்லாகுளத்துக்கும் என்ன சம்பந்தம்? கேட்டேன். கோபித்துக்கொண்டார். “நம்பிக்கை இல்லையென்றால் வந்து வாங்கிக்கொண்டு போங்கள்” என்றார். சான்றிதழ் நாக்பூரில் இருக்கிறது என்று சொன்னவர் அவர்தான். எதை வாங்கிக்கொண்டு போவது?

அழகர் ஆற்றில் இறங்கினார், மண்டூகருக்கு மோட்சம் கொடுத்தார், பூப்பல்லக்கு ஏறி மலைக்கும் திரும்பிவிட்டார். என் சான்றிதழ் திரும்பவில்லை. தொண்ணூறு நாளில் மிச்சம் இருந்தது பத்து நாள்.

ஒன்பதாம் நாள் அந்தப் பையன் அழைத்தான். ஓடினேன். பின்பக்கம் ஸ்டிக்கர், அதில் எண், சுற்றிலும் முத்திரை. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. முதலாளி எழுந்து நின்று என் கையைக் குலுக்கினார். “போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் போடுங்கள் தம்பி” என்றார். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. கீழே இறங்கி, வீட்டுக்கு அரைக் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு போனேன். அதையும் சேர்த்தால் கணக்கு இன்னும் கொஞ்சம் கூடும்.

அன்றே ஸ்கேன் எடுத்து அனுப்பினேன். வியாழக்கிழமை பதில் வந்தது. நான்கு வரிதான். ஸ்டிக்கரில் உள்ள எண்ணைச் சரிபார்த்தோம், அது உங்கள் ஆவணத்துக்கு உரியது அல்ல, எனவே உங்கள் நியமனத்தை நிறுத்திவைக்கிறோம், விளக்கம் இருந்தால் அனுப்பவும். அந்த எண்ணை அமைச்சகத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. சோஹாரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தோன்றியது, திருமங்கலத்தில் இருக்கிற எனக்குத் தோன்றவில்லை.

என்னைப் பரிந்துரைத்த அண்ணன் இரவு அழைத்தார். அவர் திட்டவில்லை. “என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா” என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை. போலி ஆவணம் கொடுத்தவன் என்று என் பெயர் அங்கே பதிவானால் அவர் முகத்தையும் சேர்த்துத்தான் கெடுத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை கடைக்குப் போனேன். முதலாளி இல்லை. “சார் சென்னைக்குப் போயிருக்கிறார்” என்றான் பையன். நான் கேட்பதற்கெல்லாம் “எனக்குத் தெரியாது அண்ணே, சாரிடம் பேசுங்கள்” என்ற ஒரே பதில். சாரின் தொலைபேசி முழுதாக மணி அடித்து ஓய்கிறது. பதினோரு தடவைக்குப் பிறகு குறுஞ்செய்தி ஒன்று வந்தது: ‘நாங்கள் இடைத்தரகர் மட்டுமே. மேலிடத்தில் நடந்த தவறுக்குப் பொறுப்பல்ல.’ மேசையைத் துடைத்த கை, அதே கை, இதைத் தட்டச்சு செய்திருக்கிறது. பணம்? ‘செலவாகிவிட்டது.’ 46,500 ரூபாயும் செலவாகிவிட்டதாம்.

அந்தக் கடையில் காத்திருந்தபோதெல்லாம் பார்த்த ஒருவர் நினைவில் வந்துகொண்டே இருக்கிறார். பேரையூர்ப் பக்கத்துக்காரர், பத்தாவது தாண்டாதவர். ஓட்டுநர் வேலைக்காக வந்திருந்தார். அவரைப் போன்றவர்களின் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர்., அதாவது குடிபெயர்வு அனுமதி தேவை, என்று இருக்கும்; வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி கட்டாயம். காப்பீடும் கட்டாயம், இரண்டு வருடத்துக்கு வெறும் 275 ரூபாய். முதலாளி அவரிடம், “அதெல்லாம் அலைச்சல், சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்” என்று சொன்னதை நான் காதால் கேட்டேன். கேட்டுக்கொண்டு பேசாமல் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கிளம்பிவிட்டாரா, இங்கேதான் இருக்கிறாரா தெரியவில்லை.

சனிக்கிழமை காவல் நிலையம். முதல் கேள்வியே “ரசீது இருக்கிறதா?” என்பதுதான். 15,000 ரொக்கத்துக்கு எதுவும் இல்லை. மீதி 31,500 கைபேசியில் அனுப்பியது, அதற்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால் அது அவர் கணக்குக்குப் போகவில்லை, வேறொரு பெண் பெயரில் இருக்கிறது. நான் அனுப்பும்போதே அந்தப் பெயர் திரையில் வந்திருக்கும். பார்க்கவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை என்று சித்தப்பா சொல்கிறார். போவேன்.

பணத்தைவிட அந்தக் காகிதம்தான் மனதை அறுக்கிறது. பின்பக்கம் ஒட்டியிருக்கிற போலி ஸ்டிக்கரைப் பிய்த்தால் சான்றிதழ் கிழியும். பிய்க்காவிட்டால் எந்த அலுவலகத்திலும் நீட்ட முடியாது. சித்தப்பா, அதுதான் முதல் சாட்சி, தொடாதே என்கிறார். இனிமேல் பல்கலைக்கழகத்தில் நகல் பட்டத்துக்கு விண்ணப்பித்து, அது வந்து, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். “படித்தவன்தானே, உனக்கு எங்கே போனது புத்தி” என்று அத்தை கேட்டுவிட்டார். நீங்களும் கேட்பீர்கள். கேளுங்கள்.

படிப்படியாகச் சொல்கிறேன் என்றேன். நேரம் இல்லை, இருக்கிறதைச் சொல்கிறேன். வெளியுறவு அமைச்சகம் நேரடியாக நம்மிடம் ஆவணம் வாங்காது; வாங்குவதற்கு அங்கீகரித்த நிறுவனங்களின் பட்டியல் அமைச்சக இணையதளத்தில் இருக்கிறது, அதில் பெயர் இல்லாத மாடிக்கு ஏறாதீர்கள். சான்றிதழ்களை இணையத்திலேயே சரிபார்க்கிற இ-சனத் என்ற அரசுத் தளத்தில் உங்கள் பல்கலைக்கழகம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். போலீஸ் சான்றுக்கு 500 ரூபாய், நீங்களே விண்ணப்பிக்கலாம். போகிற நாட்டுக்கு அப்போஸ்டில் போதுமா, தூதரகம் வேண்டுமா என்று வேலை கொடுப்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரிஜினலைக் கொடுத்தால் கையெழுத்துப் போட்ட ரசீது வேண்டும். ஸ்டிக்கர் கைக்கு வந்தால், கடையை விட்டு இறங்குவதற்கு முன்பே எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஆள் சேர்க்கிற ஏஜென்ட் என்றால் பதிவு எண் கேளுங்கள். பதிவு பெற்றவர்கூட 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் தவிர அதிகம் வாங்கக் கூடாது. பட்டச் சான்றிதழைத் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள், அப்பாக்களிடமும் சொல்லுங்கள்.

பேரையூர்க்காரரைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், சுற்றுலா விசாவில் ஏற வேண்டாம் என்று சொல்லுங்கள். ஓட்டுநர், நாற்பது வயது இருக்கும், இடது கையில் வேல் பச்சை குத்தியிருப்பார்.

நான் இப்போது ஜெராக்ஸ் எடுக்கப் போக வேண்டும். நாளைக் காலை பத்து மணிக்குள் நிலையத்தில் ஆறு செட் கேட்டிருக்கிறார்கள், பின்பக்கத்தையும் சேர்த்து.